மூன்றாம் தண்ணீர்

மெம்பர் ஐயாவின் வீட்டு மாடிப்படியில் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பி.ஏ. பட்டம் பெற்றிருந்தேன். இரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரிசி ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதப் பிரிவுக்குத் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். லான்மடாவில் தமிழர் நடத்திவந்த வாசகசாலைக்குக் காரியதரிசியும் நானே. ஞாயிறுதோறும் அங்கே இலக்கண வகுப்பு நடத்தினேன். கேட்க வருபவர்களில் இரண்டு வக்கீல்களும் இருந்தார்கள். ஆகவே அவரால் நான் ஆளானேன் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. தமிழில் பிழையின்றி எழுதக்கூடிய ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார், விசாரித்தார், என் பெயரைச் சொன்னார்கள்.

புதிய சட்டசபை கூடத் தொடங்கியிருந்த காலம் அது. இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றிலிருந்து அவர் சபைக்குப் போயிருந்தார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் இவ்வூரில் இருக்கிறார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் குழாயடியிலும் எல்லோரும் அவரை 'மெம்பர் ஐயா' என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குள்ளமான மனிதர். எந்தக் கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, மேகமே இல்லாத நாளிலும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் ஆளாக வாழ்க்கையைத் தொடங்கியவர். தமிழை விரல் வைத்து, உதடு அசைத்து வாசிப்பார். பர்மிய மொழியைப் பர்மியரைப் போலவே பேசுவார். ஆங்கிலம் அவருக்குப் புரியும், பேச அஞ்சுவார். சபையில் அவர் கேட்கும் கேள்விகளைக்கூட யாரேனும் எழுதிக் கொடுத்த தாளிலிருந்துதான் வாசித்தார் என்பார்கள். அது உண்மை. அந்தத் தாள்களில் பாதிக்குமேல் நான் எழுதியவை.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது சபைக் கேள்விகளில் அல்ல. மாதத்துக்கு ஒரு தாள் அச்சிட்டு, லத்தா, லான்மடாவ், ஆற்றுக்கு அக்கரையில் டாலா ஆகிய இடங்களில் இருந்த கூலி லைன்களுக்கெல்லாம் அனுப்புவார். ஒற்றைப் பக்கம். எந்தத் தெருவில் புதுக் குழாய் போட்டிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை கண் பார்க்கிறார்கள், அம்மை குத்த எங்கே போவது, தண்ணீரை ஏன் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கோடையில் கூரை வீடுகளில் அடுப்பை எப்படி அணைப்பது என்பன போன்ற செய்திகள். லைனில் எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதற்கு 'மெம்பர் தாள்' என்று பெயர்.

இனி அவருடைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்வதற்கு வேறெதுவும் இல்லை என்றே சில நாள் எனக்குத் தோன்றும்.

அவர் யாரிடமும் 'புரிந்ததா?' என்று கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பார். ஒன்றைச் சொல்லி முடித்ததும் குடையைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "இப்ப நான் சொன்னத எனக்குத் திருப்பிச் சொல்லு. நான் மறந்துட்டேன்," என்பார். மறந்தது போலவே முகத்தையும் வைத்துக்கொள்வார்.

முதல் நாளே என்னிடமும் அதைச் செய்தார். ஐந்து செய்திகளைச் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன்.

"தம்பி, நான் சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க. மறந்துட்டேன்."

"குறித்திருக்கிறேன், ஐயா. வாசிக்கிறேன்."

"வாசிக்க வேணாம். தாளை மடிச்சு வச்சிட்டுச் சொல்லுங்க."

பட்டம் பெற்ற ஒருவனை நாலாம் வகுப்புப் பிள்ளையாக நிறுத்தியதுபோல் இருந்தது. சொன்னேன். நான்குதான் வந்தன. அவர் நெற்றியைச் சுருக்கி, "அஞ்சாவது ஒண்ணு நான் சொல்லலையோ? வயசாச்சு எனக்கு," என்று குற்றத்தைத் தம்மேல் போட்டுக்கொண்டார். அது மரியாதையா, கிண்டலா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மரியாதை என்றே இன்று நினைக்கிறேன்.

தாள் அச்சுக்குப் போவதற்கு முன் இன்னொரு சடங்கு உண்டு. நான் எழுதியதை எடுத்துக்கொண்டு லத்தாவில் ஒரு குழாயடிக்குப் போக வேண்டும். அங்கே அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தாள். அரிசி ஆலையில் நெல் காய வைக்கிறவள், எழுத்து வாசனை இல்லாதவள், வாய் அதிகம். தாளை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் சரியாகச் சொன்னால்தான் அச்சு. கல்வியுலகில் இப்படி ஒரு தேர்வு அதிகாரியை நான் கண்டதில்லை.

அவள் எனக்கு வைத்த பெயர் 'பி.ஏ. சயா'. வாத்தியாரைப் பர்மியர் 'சயா' என்பார்கள்.

இரண்டாவது மாதத் தாளில், எச்சில் துப்புவதால் காசநோய் பரவுகிறது என்ற எச்சரிக்கை இருந்தது. "பொது வழிகளில் உமிழ்தல் தகாது" என்று நான் எழுதியிருந்தேன். சுருக்கமான, சுத்தமான வாக்கியம். வாசித்தேன். மெம்பர் ஐயா குடையை ஊன்றினார்.

"சொல்லு அஞ்சல. நான் மறந்துட்டேன்."

அவள் இடுப்பில் குடத்துடன் ஒரு கணம் யோசித்தாள். "ஆலை உமிய ரோட்டுல கொட்டக் கூடாதுங்கிறாரு. நல்ல காரியம் ஐயா. காத்தடிச்சா கண்ணுல எல்லாம் வந்து விழுது. மொதல்ல அந்த மொதலாளிகிட்டப் போயிப் படிங்க."

குழாயடி முழுவதும் சிரித்தது. நெல் ஆலையில் நாள் முழுதும் உமியிலேயே புழங்குகிறவளின் காதில் 'உமிழ்தல்' வேறெப்படி விழும் என்று அன்று நான் நினைக்கவில்லை. என் வாக்கியத்தில் பிழையில்லை என்று விளக்கத் தொடங்கினேன். மெம்பர் ஐயா என் முழங்கையை மெதுவாகத் தொட்டார்.

"தம்பி, 'துப்பாதீங்க'ன்னே போட்டுருவோம்."

"அது கொச்சை, ஐயா."

"துப்புறதே கொச்சைதானே."

அந்த மாதம் 'துப்பாதீர்கள்' என்றே அச்சாயிற்று. அதுமுதல் நான் அந்தப் பக்கம் போனால் யாரேனும் ஒருத்தி, "உமி வருது, கண்ணைப் பொத்துங்கடி," என்பாள். அஞ்சலை அவர்களை அதட்டுவாள். அதட்டிவிட்டு அவளும் சிரிப்பாள்.

அவருடைய பழக்கத்தால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை சுகாதாரப் பகுதியின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனோம். பிரசவத்துக்கு வரும் கூலிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் தனி இடம் ஒதுக்குவதாக அவர் வாக்குக் கொடுத்தார். நான் எழுந்துவிட்டேன். மெம்பர் ஐயா எழவில்லை.

"துரை சொன்னத அவரையே ஒரு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, தம்பி."

எனக்கு வியர்த்தது. முடிந்த அளவு பணிவாக மாற்றி ஆங்கிலத்தில் கேட்டேன். அதிகாரி புருவத்தை உயர்த்தினார், ஆனால் சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது, 'தாதி கிடைக்கும் நாட்களில்' என்று ஒரு தொடர் புதிதாகச் சேர்ந்துகொண்டது. வெளியே வந்ததும் மெம்பர் ஐயா, "பாத்தீங்களா? மொத தடவ அந்த வார்த்த இல்ல," என்றார். தாதியே இல்லாத நாட்கள் எத்தனை என்பதை அடுத்த சபைக் கூட்டத்தில் கேள்வியாகக் கேட்டார்.

சொன்னது வேறாக விளங்கிவிடுமோ என்ற இந்த அச்சம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னார். அடுப்புத் தீ பற்றிய தாளை எடுத்துக்கொண்டு சம்பான் படகில் டாலாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நடு ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் கடந்துபோய், எங்கள் படகு ஆடியது. அவர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமல் பேசினார்.

"துறையில மூட்டை எண்ணிக்கிட்டிருந்தப்ப, கப்பல் வயித்துக்குள்ள ஒருத்தன் கயித்து முடிச்சோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தான். மேல பாரம் தொங்குது. நான் அவனப் பாத்து, 'விடு! விடு!'ன்னு கத்தினேன். முடிச்ச விட்டுட்டு வெளிய வாடாங்கிற அர்த்தத்துல. மேல பாரத்தப் புடிச்சிருந்தவன் காதுல விழுந்துச்சு. அவன் விட்டுட்டான்."

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கீழ இருந்தவனுக்குக் கால் போச்சு. நான் சொன்னதும் சரி, தம்பி. அவன் கேட்டதும் சரி."

துறைமுகத்தின் பழைய ஆட்கள் சிலர் இதை வேறுவிதமாகச் சொல்வதுண்டு. கத்தியது அவரல்லர், பக்கத்தில் நின்ற இன்னொருவர் என்பார்கள். எனக்குத் தெரியாது. அவர் தம் கதையாகவே சொன்னார்.

இனி அந்தக் கோடைக்கு வருகிறேன்.

பர்மியரின் தண்ணீர்த் திருநாள் முடிந்த வாரம். ஏரி வற்றிவிட்டது என்று சொல்லி, தெருக் குழாய்களில் நாளுக்கு மூன்றுமுறை மட்டுமே தண்ணீர் திறப்பதென முனிசிபாலிடி முடிவு செய்தது. அதே வாரத்தில் லத்தாவிலும் லான்மடாவிலும் லைன்களில் பெரியம்மை கண்டது. வாசல்களில் வேப்பிலைக் கொத்துகள் தொங்கத் தொடங்கின. நோயாளியை மறைத்து வைக்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தால் பின்வாசல் வழியாக வேறு லைனுக்குக் கடத்திவிடுகிறார்கள். இப்படியே போனால் தெருவுக்குத் தெரு பரவிவிடும் என்று மெம்பர் ஐயா தூக்கமில்லாமல் அலைந்தார். சபையோ நாள்முழுதும் கூடிக்கொண்டிருந்தது. அம்மை ஆஸ்பத்திரி பற்றிய அவருடைய கேள்வி எந்த நேரமும் வரலாம் என்ற நிலை.

சபைக்குக் கிளம்பும்போது படியில் நின்று என்னிடம் சொன்னார்:

"ரெண்டு சேதியும் ஒரே தாள்ல போகணும். நாளைக்குள்ள. ஆனா அஞ்சலை திருப்பிச் சொன்னப்புறம்தான் அச்சுக்கு. நான் வர முடியாது, நீங்களே போயிட்டு வந்துருங்க. இப்ப நான் என்ன சொன்னேன்?"

"இரண்டு செய்தி, ஒரே தாள், அஞ்சலை சொன்ன பிறகு அச்சு."

"ஆமா," என்று வண்டியில் ஏறினார்.

நான் எழுதியது இதுதான். ஒரு சொல்லும் மறக்கவில்லை:

"அம்மை கண்ட வீட்டார் கவனத்திற்கு. நோயாளியைத் தனியே வைக்கவும். மறைத்தல் வேண்டா. இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்கவும்."

இதன்கீழ் ஒரு கோடு. அச்சுக்கூடத்தில் பூவேலையுடன் ஓர் அழகான கோடு இருந்தது. அதைத்தான் போடச் சொன்னேன். கோட்டின்கீழ்:

"முதல் தண்ணீர் காலை ஐந்து மணி. இரண்டாம் தண்ணீர் பகல் பன்னிரண்டு மணி. மூன்றாம் தண்ணீர் மாலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமை முதல் அமல். இது சர்க்கார் உத்தரவு."

'முதல் முறையாகக் குழாய் திறக்கும் நேரம்' என்றுதான் முதலில் எழுதினேன். நீளமாக இருந்தது. 'முதல் தண்ணீர்' என்று சுருக்கியதும் எனக்கே நிறைவாக இருந்தது.

தமிழர் வீட்டில் பிறந்த எவருக்கும் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அம்மை இறங்கிப் புண் காய்ந்தபின், மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் வைத்த நீரை நோயாளியின் தலையில் விடுவார்கள். முதல் தண்ணீர், சில நாள் விட்டு இரண்டாம் தண்ணீர், மேலும் சில நாள் விட்டு மூன்றாம் தண்ணீர். அதன்பிறகுதான் அவன் பிறரோடு புழங்கலாம். எனக்குத் தெரியாத வழக்கமல்ல. என் தங்கைக்கு மூன்று தண்ணீரும் விட்டபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆயினும் எழுதும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. என் கண்முன் கோடு இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் புறப்பட்டேன் என்பது உண்மை. தெருமுனைவரை போனேன். முப்பது பெண்களுக்குக் குறையாமல் வரிசையில் நின்றார்கள். அஞ்சலையை அங்கே காணவில்லை. அவளுடைய தம்பிக்கே அம்மை கண்டிருந்ததால் அவள் வீட்டோடு இருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வரிசையிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள்.

"பி.ஏ. சயா வர்றாரு! என்ன சயா, உமியா, தவிடா?"

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போயிற்று. என்னுடன் வேலை செய்யும் இருவர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார்கள், நின்று பார்த்தார்கள். நான் திரும்பி நேரே அச்சுக்கூடத்துக்குப் போனேன்.

மாலையில் மெம்பர் ஐயா சபையிலிருந்து வந்தார். குரல் கம்மியிருந்தது. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அஞ்சலை என்ன சொல்லுச்சு?"

"சரியாகச் சொன்னாள்," என்றேன்.

இரண்டு சொற்கள். அவர் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. அதுவரை அவர் என்னை அப்படிக் கேட்காமல் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசகசாலையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு குதிரைவண்டி நின்றது. மெம்பர் ஐயா உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே, "வாங்க தம்பி," என்றார். குடை இல்லாமல் அவரை நான் கண்டது அதுவே முதல்முறை.  வண்டியில் நான் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

குழாயடியில் கூட்டம். லைன் மேஸ்திரி தாளைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் வராத நேரம். குடங்கள் காலியாக வரிசையில் இருந்தன. அஞ்சலை தலை அவிழ்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி யாரும் நெருங்கி நிற்கவில்லை.

மேஸ்திரி முன்னால் வந்தார். "ஐயா, நான் இருக்கறதத்தான் படிச்சேன். ஒரு எழுத்துக் கூட்டல, கொறைக்கல. நீங்களே கேளுங்க." உரக்க வாசித்தார்.

"...இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்கவும். முதல் தண்ணீர் காலை ஐந்து மணி. இரண்டாம் தண்ணீர் பகல் பன்னிரண்டு மணி..."

அவர் எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நான் போட்டிருந்தது ஒரு கோடு. கோட்டை எப்படி வாசிப்பார்? என் எழுத்தைப் பிறர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல்முறை. 

நடந்தது அங்கேயே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு உகந்த நாள். சர்க்கார் உத்தரவு வேறு. லைனில் மூன்று வீடுகளில் ஒரே நாளில் மூன்று தண்ணீரும் விட்டிருந்தார்கள். இரண்டு வீடுகளில் நோயாளிகளுக்கு ஏற்கெனவே புண் ஆறியிருந்தது, கேடில்லை. அஞ்சலையின் தம்பிக்கு முத்து முற்றி நின்ற நாள். ஊரிலிருந்து கப்பலில் வந்து நான்கு மாதமே ஆனவன். வந்திறங்கிய துறையில் குத்திய அம்மைப்பால் பொங்கவில்லை, தடுப்பு பிடிக்கவில்லை. மூன்றாம் தண்ணீர் விட்டதிலிருந்து குளிர்க் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு மனசே இல்ல ஐயா," என்றாள் அஞ்சலை. "காயவே இல்லையே, இன்னும் ஏழு நாளாவது போகணுமேன்னு சொன்னேன். எல்லாரும் 'மெம்பர் தாள்ல வந்திருக்கு'ன்னாங்க. மெம்பர் தாள் தப்பாதுன்னு நானும் விட்டுட்டேன்."

மெம்பர் ஐயா அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"நீ திருப்பிச் சொன்னப்ப, அஞ்சல, இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டியா?"

அவள் நிமிர்ந்தாள். "எங்கிட்ட யாரு வந்து கேட்டா? நான் வீட்டோட கெடக்கேன். வேற யாரோ திருப்பிச் சொல்லியிருப்பாங்க, அதான் அச்சாயிருச்சுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குடங்களைப் பார்த்தேன்.

கூட்டத்தில் யாருக்கும் அந்த இரண்டு வரிப் பேச்சின் பொருள் விளங்கவில்லை. விளங்கியது மூவருக்குத்தான். மெம்பர் ஐயா என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை.

"யாருங்க இத எழுதினது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அவன இங்க கொண்டாங்க!"

"அதானே! எழுதினவன் வீட்டுல இப்படி விடுவானா?"

மெம்பர் ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தாள்ல யாரு பேரு போட்டிருக்கு?"

"உங்க பேரு."

"அப்ப நான்தான் எழுதினேன்."

"நீங்க இல்ல, ஐயா. எங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு இப்படி எழுத வராது."

"என் பேரு போட்ட தாள். நான் எழுதினது. தப்பு என்னுது."

எனக்கு அப்போது வாய் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் பேசுகிறவன் நான். எதிர்ப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கூட்டத்தை அப்படியே உட்காரவைத்து, குழாயைக் கையால் தட்டித் தட்டிச் சொன்னார்: "இது தண்ணி தொறக்கிற நேரம். இந்தக் கொழாய்ல. மனுசன் தலைல விடுறதுக்கு இல்ல." ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரை எழுப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். வெயில் ஏறியது. ஒருவரையும் விடவில்லை. கடைசியில் அஞ்சலை மட்டும் மிஞ்சினாள். அவளை அவர் கேட்கவில்லை.

"என் தம்பிக்கு ஏதாச்சும் ஆயிருமா ஐயா?"

மற்றவர் எவராக இருந்தாலும் ஆகாது என்று சொல்லியிருப்பார்கள். அவர், "தெரியல, அஞ்சல," என்றார்.

அடுத்த ஒன்பது நாட்களை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும். அவர் ஒவ்வொரு நாள் காலையிலும் சபைக்குப் போகுமுன் அந்த லைனுக்குப் போனார். ஒரு டாக்டரை அழைத்துப் போனார். வேப்பிலை தொங்கும் வாசலுக்கு வெளியே நின்று, டாக்டர் சொன்னதை அஞ்சலைக்குச் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்வாராம். நான் போகவில்லை. கம்பெனியில் என் மேசைக்கு ஒரு துண்டுத் தாள் வந்தாலும் உடனே பிரிக்க மாட்டேன். தமிழ் ஆட்கள் இருவர் கூடிப் பேசினால் பேச்சின் நடுவில் 'தாள்' என்ற சொல் வருகிறதா என்று காது கொடுப்பேன். அவன் செத்துவிடுவானோ என்ற பயம் ஒன்று. எழுதியவன் இன்னான் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் மற்றொன்று. எது பெரிது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் முதலாவதைச் சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் மெம்பர் ஐயாவே கம்பெனிக்கு வந்துவிட்டார். மேலே ஏறாமல் படிக்கட்டின் கீழே நின்று சொல்லி அனுப்பினார். இறங்கி வந்தேன்.

"கஞ்சி கேட்டானாம்," என்றார்.

 அவர் என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். நான் பொய் சொன்னதைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அடுத்த தாளுக்குச் சேதி வந்திருக்கு. காலரா ஊசி. வியாழக்கெழம சாயங்காலம் வாங்க, தம்பி."

"வருகிறேன், ஐயா."

"என்னிக்குன்னேன்?"

"வியாழக்கிழமை. மாலை."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

அஞ்சலையின் தம்பி முகமெல்லாம் தழும்புடன் மறுபடி ஆலை வேலைக்குப் போனான். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினான் என்று கேள்விப்பட்டேன். மெம்பர் தாள் அதன்பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. வேறு யாரோ எழுதினார்கள். ஒற்றுப்பிழை மலிந்திருந்தது, எல்லோருக்கும் புரிந்தது.

மெம்பர் ஐயா காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், அவரைப் போற்றி இவ்வூர்த் தமிழர் ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். அதில் அவருடைய கண்டிப்புக்குச் சான்றாக இந்த அம்மைத் தாள் விவகாரத்தை எழுதியிருக்கிறார்கள். மனு எழுதிப் பிழைக்கும் ஓர் அரைகுறைப் படிப்பாளி அந்தத் தாளை எழுதினானாம். மெம்பர் ஐயா குழாயடியில் ஊர் பார்க்க அவனைக் கடிந்து, அன்றே விலக்கிவிட்டாராம். படித்தவர்கள் பலர் இதை என்னிடமே சொல்லி அவருடைய நேர்மையை வியந்திருக்கிறார்கள். நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டேன். அவர் செய்யாத கொடுமை ஒன்று அவர் பெயரில் புகழாக நிற்பது இனியும் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாளை எழுதியவன் நான். அவர் என்னைக் கடியவில்லை; விலக்கவும் இல்லை. வியாழக்கிழமை மாலை விளக்கேற்றும்வரை அவர் மாடியில் காத்திருந்தார். நான்தான் போகவில்லை.